பாண்டவர் வீட்டில் குடியிருந்தது யார்?

கொடைக்கானலிலிருந்து தாண்டிக்குடிப் பக்கம் போனால் காப்பித் தோட்டங்களையும் பாறைகளையும் ஒட்டிக் குட்டிக் கல்வீடுகள் கண்ணில் படும். மூன்று பக்கம் பலகைக்கல், தலைக்கு மேல் ஒரு மூடுகல். கதவு கிடையாது. கேட்டால், "பாண்டவர் வீடு" என்பார்கள். வனவாசத்தில் ஐவரும் தங்கினார்களாம். பீமன் எங்கே காலை நீட்டினான் என்று மட்டும் கேட்கக் கூடாது!

தொல்லியலில் இதற்குக் கற்திட்டை என்று பெயர். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்லறை. செண்பகனூர் பாதிரியார்கள் அங்லாடும் நியூட்டனும் பழனிமலைக் கற்திட்டைகளைத் தேடித்தேடி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது.

உளியால் செதுக்காமல் இவ்வளவு தட்டையான பலகை எப்படிக் கிடைத்தது? பாதி வேலையை மலையே செய்து வைத்திருந்தது. ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேலிருந்த சுமை லட்சக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போனதும் விம்மி, தரைக்கு இணையாக ஏடு ஏடாக வெடிக்கிறது. இதை ஏட்டுவிரிசல் எனலாம். ஏட்டைப் பெயர்த்தால் பலகை. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு சாண் கனத்துக்குச் சற்றுக் குறைவு என்றால் எடை ஒரு டன்னைத் தாண்டும். சின்னக் காரைவிடக் கனம். அதைத் தூக்கி வைத்தபின் சுண்ணாம்பு எதற்கு? கூரையின் பாரமே சுவர்களை அசையவிடாது.

இனி அயர்லாந்துக்குப் போவோம். அங்கும் கற்திட்டைகள் உண்டு. பல, நம்முடையவற்றைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தவை. ஊரார் அவற்றை டியர்மிட், கிரான்யா ஆகியோரின் படுக்கை என்கிறார்கள். கெல்டிக் கதைப்படி, வீரன் ஃபின்னுக்கு நிச்சயித்த பெண் கிரான்யா, டியர்மிட்டோடு ஓடிப்போகிறாள். துரத்தல் ஓயவில்லை. இரவுக்கு ஒரு கல்வீடு என்று ஒளிகிறார்கள். அவர்களுக்குத் துணை நிற்பவன் காதல் தெய்வம் ஏங்கஸ். அவனுடைய மாளிகையும் ஒரு கல்லறைதான்: கி.மு. 3200 வாக்கில் எழுந்த நியூகிரேஞ்ச். இந்தக் கதையைச் சொன்ன கெல்டிக் மொழி அந்தத் தீவுக்கு வந்ததோ அதற்கு வெகுகாலம் கழித்து.

ஒன்றையொன்று அறியாத இரு நாடுகள். இரண்டிலும் தலைமறைவானவர்களின் கதை. எனக்குத் தோன்றும் காரணம் அந்த வடிவம்தான். மூன்று சுவர், ஒரு கூரை, கதவில்லை. குடும்பம் நடத்த முடியாது, ஒரு ராத்திரி ஒண்டலாம்.

கட்டியவர்கள் நினைத்தது வேறு. பழனிமலை அடிவாரத்துப் பொருந்தலில் 2009இல் ஒரு பெருங்கற்காலக் கல்லறையைத் தோண்டியபோது நான்கு கால் ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் இரண்டு கிலோ நெல். கரிமக் கணிப்பில் அதன் காலம் கி.மு. 490. ஒரு ராத்திரி தங்குகிறவருக்கு யாரும் அவ்வளவு நெல் வைப்பதில்லை.