ஏறுமுன் இறங்கும் வழி பாருங்கள்

மாதத்துக்கு ஒரு புதிய செயலியைக் காட்டி, "தாத்தா, இதில் சேருங்கள்" என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். தாராளமாகச் சேரலாம். ஊரைவிட்டு வந்த நமக்கு உறவினர் முகம் பார்க்க இதைவிட எளிய வழி ஏது?

ஆனால் இவற்றின் ஆயுளையும் கவனிக்க வேண்டும். 2004-இல் தொடங்கிய ஆர்க்குட் இந்தியாவிலும் பிரேசிலிலும் கொடிகட்டிப் பறந்தது; 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. 2011-இல் வந்த கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு நின்றுபோயிற்று. நம் நாட்டின் 'கூ' 2020-இல் பிறந்து 2024-இல் மறைந்தது. 1995-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவிக்கும் 2022 ஜூனில் விடை கொடுத்துவிட்டார்கள்.

ஆர்க்குட் மூடிய பிறகும் படங்களை இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. அதற்குள் எடுக்காதவர்களின் படங்கள் போனது போனதுதான்.

புதிய ரயில் பாதையைப் பாதுகாப்பு ஆணையர் சோதித்த பின்னரே அதில் பயணிகள் வண்டி ஓடும். செயலிக்கு அந்த ஆணையர் நாமேதான். முதலில் ஒரே ஒரு சாதாரணப் படத்தை ஏற்றி, திரும்ப இறக்கிப் பாருங்கள். நம் பதிவுகள் அனைத்தையும் பிரதி எடுக்க வசதி உண்டா என்று தேடுங்கள். போனிலுள்ள எண்கள் எல்லாவற்றையும் கேட்டால் மறுத்துவிட்டு, அப்போதும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஜோஹோவின் 'அரட்டை' தமிழ்ப் பெயர் தாங்கியது என்றாலும் அதற்கும் இதே சோதனைதான்.

பாட்டியின் குரலும் குழந்தையின் முதல் நடையும் பிறர் கிடங்கில் மட்டும் இருக்கலாகாது. ஒரு பிரதி நம் வீட்டிலும் இருக்கட்டும்.