கண்ணாடியைக் கழற்றும் முன்

புனேயில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். ஒரு நாள் அவர் கேட்டார்: "என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்கிறார்கள். லேசர் செய்துவிடலாமா?" நாங்கள் சேர்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1981-ஆம் ஆண்டு. சென்னையில் படித்த விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தார். விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில் எக்சைமர் லேசர் ஒளியைப் பாய்ச்சினார். கறி கருகவில்லை. சுத்தமாக வெட்டுப்பட்டது. இதிலிருந்துதான் கண் லேசர் சிகிச்சை வளர்ந்தது.

நம் கண்ணின் முன்புறம் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. அதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். லேசர் அதைச் செதுக்கி வளைவை மாற்றுகிறது. பார்வை தெளிகிறது.

ஆனால் சிலருக்கு இந்தப் படலம் பிறரைவிட வலு குறைந்தது. செதுக்கினால் இன்னும் மெலியும். நாளடைவில் முன்னால் புடைக்கும். பார்வை கலங்கும். 1998-இலேயே மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள்.

யாருக்குப் புடைக்கும் என்று முன்பே அறிய முடியுமா? பானை வாங்கும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். தட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அவர் காதுக்குத் தெரியும். எத்தனையோ பானை தட்டிய காது அது!

செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். முதலில் கருவி கண் படலத்தை அளந்து வரைபடம் எடுக்கிறது. நல்ல கண், புடைத்த கண் என்று ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். புதிய வரைபடம் எதைப் போல இருக்கிறது என்று அது சொல்கிறது. இப்படி ஒரு முறையைப் பல நாட்டு மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்டார்கள்.

கணினியும் தவறலாம். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. நாமும் உண்மையைச் சொல்ல வேண்டும்:

1. கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா?
2. குடும்பத்தில் யாருக்காவது படலம் புடைத்ததா?
3. கண்ணாடிப் பவர் இன்னும் ஏறுகிறதா?
4. கர்ப்பமா? பால் கொடுக்கிறீர்களா?

அக்கா மகளைப் பரிசோதித்தார்கள். படலம் மெலிவு, லேசர் வேண்டாம் என்றார் மருத்துவர். அவள் கண்ணாடியோடுதான் இருக்கிறாள். பார்வை பத்திரமாக இருக்கிறது.

பேசிப் பாருங்கள்: மாறவேண்டியது அவள் கண்ணா, கேட்டவர்கள் மனமா?