கேட்காமல் எடுக்கும் படம்

பாரிஸ் நகரத்துப் பெரிய சாலை ஒன்றை 1838-ஆம் ஆண்டில் லூயி டாகர் என்பவர் உயரமான ஜன்னலிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மனிதர்களும் ஓயாமல் போய்வந்த சாலை அது. படத்திலோ சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது! ஓரத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் தம் பூட்சுக்குப் பாலிஷ் போடச் செய்துகொண்டிருப்பதாகத் தெரிகிறது.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. டாகரின் வெள்ளித் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. நடந்தவரின் ஒளி தகட்டின் ஓரிடத்தில் சிறிது நேரமே விழுந்து, உடனே அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிட்டது. எந்த இடத்திலும் போதிய ஒளி சேரவில்லை. நின்றவர் பதிந்தார்; நடந்தவர்கள் மறைந்தார்கள்.

மனித உருவம் பதிந்த ஒளிப்படங்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவை சிலவே. அவற்றுள் இது ஒன்று. அந்த மனிதரின் பெயர் எவருக்கும் தெரியாது. தாம் படத்தில் விழுகிறோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மாணவ நண்பர்களே, சுற்றுலாவுக்கோ திருவிழாவுக்கோ போகும்போது நீங்களும் படம் எடுக்கிறீர்கள். காமிராவைப் பார்த்து விறைத்து நிற்கும் முகத்தைவிட, தன் வேலையில் மூழ்கியிருக்கும் முகமே உயிருள்ளது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அத்தகைய படத்தை எடுப்பதில் இரண்டு கேள்விகள் உண்டு. எப்படி எடுப்பது என்பது முதற்கேள்வி. அதற்குப் பௌதிகம் விடை சொல்லும். எடுக்கலாமா என்பது இரண்டாவது. அதற்கும் பௌதிகம் ஓரளவு உதவும்.

நடப்பவரை நிறுத்துவது எப்படி?

35 மில்லி மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் பொருத்திய பிலிம் காமிராவை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் தொலைவில் ஒருவர் நமக்குக் குறுக்காக நடக்கிறார். மணிக்கு 5 கிலோ மீட்டர் வேகம் என்றால், விநாடிக்கு 1.4 மீட்டர் ஆகிறது. இந்தத் தொலைவில் லென்ஸ் அவரது உருவத்தைச் சுமார் 113-இல் ஒரு பங்காகச் சுருக்கிப் பிலிமில் வீழ்த்துகிறது. ஆகவே பிலிமில் அவரது உருவம் விநாடிக்கு ஏறக்குறைய 12 மில்லி மீட்டர் வேகத்தில் நகர்கிறது.

24-க்கு 36 மில்லி மீட்டர் அளவுள்ள பிலிமில் ஒரு புள்ளியின் உருவம் 0.03 மில்லி மீட்டருக்கு மேல் பரவாவிட்டால், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும். இப்போது கணக்குப் போடுங்கள். ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் உருவம் 0.2 மில்லி மீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 1/500 விநாடி என்றால் நகர்வு 0.025 மில்லி மீட்டர்தான். நடப்பவர் நின்றுவிட்டார்!

ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தில் தண்டவாளத்தோரம் நிற்பவர் கலங்கிப்போவதும், தூரத்துப் பனைமரங்கள் தெளிவாக இருப்பதும் இதே கணக்குத்தான். தொலைவு கூடக்கூட உருவம் சுருங்குகிறது. அதன் நகர்வும் சுருங்குகிறது.

தெளிவின் எல்லைகள்

காமிராவைக் கண்ணில் வைத்துக் குவியத்தைத் திருகிக்கொண்டிருந்தால் எதிரிலிருப்பவர் நம்மைக் கவனித்துவிடுவார். அதனால்தான் தெருவில் படம் எடுப்போர் குவியத்தை முன்கூட்டியே ஒரு தொலைவுக்கு வைத்துவிடுவார்கள். அந்தத் தொலைவை எப்படிக் கண்டுபிடிப்பது?

குவியத் தூரத்தை லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதே 'எஃப்' எண். எஃப் 8 என்றால் நம் லென்ஸின் துளை சுமார் 4.4 மில்லி மீட்டர் விட்டம். குவியத் தூரத்தின் வர்க்கத்தை எஃப் எண்ணாலும் 0.03-ஆலும் வகுத்துப் பாருங்கள். 1225-ஐ 0.24-ஆல் வகுக்க, 5100 மில்லி மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதாவது சுமார் 5 மீட்டர். குவியத்தை அங்கே வைத்துவிட்டால், அதில் பாதியான இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். பிறகு குவியத்தைத் தொடவே வேண்டியதில்லை.

ஒளி போதுமா? ஐ.எஸ்.ஓ. 100 வேகமுள்ள பிலிமுக்கு, நல்ல வெயிலில் எஃப் 16 துளையும் ஏறக்குறைய 1/125 விநாடியும் பொருந்தும் என்பது பழைய வழக்கு. எஃப் 11-க்கு வந்தால் ஒளி இரட்டிக்கும். எஃப் 8-க்கு வந்தால் மறுபடியும் இரட்டிக்கும். அப்போது 1/500 விநாடியே போதும். நடப்பவரை நிறுத்தும் வேகமும், இரண்டரை மீட்டருக்கு அப்பால் தெளிவும் ஒருங்கே கிடைத்துவிட்டன.

மரநிழலுக்கு வந்தால் இந்தச் சௌகரியம் போய்விடும். ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் துளையை எஃப் 2.8 வரை திறக்க வேண்டும். அப்போது 4 மீட்டரில் குவியம் வைத்தால், சுமார் 3.1 மீட்டரிலிருந்து 5.5 மீட்டர் வரைதான் தெளிவு. ஒளி, காலம், தெளிவு என்ற மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றில் விலை கொடுத்தாக வேண்டும்.

இன்றைய கைபேசிக் காமிராவின் குவியத் தூரம் மிகச் சிறியது. அதன் வர்க்கம் இன்னும் சிறியது. அதனால்தான் அதில் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் பெரும்பாலும் ஒருங்கே தெளிவாக விழுகின்றன.

திரும்பும் புள்ளி

வேகமான ஷட்டர் இல்லாதபோதும் வழியுண்டு. நின்ற இடத்திலிருந்து அரை மீட்டர் உயரம் துள்ளும் சிறுவனைப் பாருங்கள். தரையைத் தொடும்போது அவனது வேகம் விநாடிக்கு 3.1 மீட்டர். 1/60 விநாடியில் அவன் 5 சென்டி மீட்டர் நகர்ந்துவிடுவான். ஆனால் உச்சியில் அவன் வேகம் பூச்சியம். உச்சிக்கு முன்னும் பின்னுமாக அதே 1/60 விநாடியில் அவன் நகர்வது அரை மில்லி மீட்டர்கூட இல்லை! ஊஞ்சலின் கோடி, துணி துவைப்பவர் ஓங்கிய கை, சம்மட்டி திரும்பும் இடம் ஆகிய எல்லாம் இப்படிப்பட்ட புள்ளிகளே.

ஆனால் உச்சியைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் பயனில்லை. கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 1/5 விநாடி ஆகிறது. அதற்குள் நடப்பவர் 28 சென்டி மீட்டர் போய்விடுவார். எனவே முன்னறிந்து அழுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் இதில் கைதேர்ந்தவர். 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறத்தில், தேங்கிய நீரைத் தாண்டும் ஒருவரை, குதிகால் நீரைத் தொடுமுன் அவர் பிடித்த படம் உலகப் புகழ் பெற்றது. இந்தியாவிலும் அவர் பயணம் செய்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்தார். அன்று மாலையே காந்தியடிகள் சுடப்பட்டார். கண்ணில் படாமலிருக்கத் தம் காமிராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடி வைப்பது அவர் பழக்கம்.

அவர் கையிலிருந்தது லைக்கா காமிரா. ஜெர்மானியரான ஆஸ்கர் பர்னாக், சினிமா பிலிமைப் பயன்படுத்தி அமைத்த இச்சிறு காமிரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்னர் எர்மனாக்ஸ் என்ற காமிரா வெளிவந்திருந்தது. கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கும் இதன் லென்ஸ் பின்னர் எஃப் 1.8 வரை வளர்ந்தது. எஃப் 8 துளையைவிட ஏறக்குறைய 20 மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. அதனைக் கொண்டுதான் எரிக் சாலமன் என்ற சட்டம் படித்த ஜெர்மானியர், நீதிமன்றங்களிலும் மாநாட்டு அறைகளிலும் மறைந்திருந்து, அரசியல் தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் குசுகுசுப்பதையும் படமாக்கினார்.

மறைப்பதற்கும் மறைவதற்கும்

அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1916-இல் நியூயார்க் தெருக்களில் காமிராவின் பக்கவாட்டில் ஒரு போலி லென்ஸைப் பொருத்திக்கொண்டார். பார்ப்பவர், காமிரா வேறெங்கோ நோக்குகிறது என்று எண்ணிக்கொள்வார். அப்படி எடுத்தவற்றுள் ஒன்று பார்வையற்ற பெண் ஒருத்தியின் படம். 1938-க்கும் 1941-க்கும் இடையில் வாக்கர் எவன்ஸ் அதே நகரத்துச் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் காமிராவை மறைத்து, எதிரில் அமர்ந்திருந்தவர்களைப் படம் எடுத்தார். பொத்தானை இயக்கும் கம்பி அவரது சட்டைக் கைக்குள் ஓடியது. அப்படங்கள் புத்தகமாக வெளிவந்தது 1966-இல்தான்.

இவை சிறந்த படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதிரிலிருந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதும் உண்மை. 1936-இல் கலிபோர்னியாவில் டாரதியா லாங் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' படத்தை நினைத்துப் பாருங்கள். அது வெளியானதும் பட்டாணி பறிக்கும் கூலிகளின் அந்த முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. படம் பாடப்புத்தகங்களில் ஏறியது. ஆனால் அத்தாயின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் புளோரன்ஸ் தாம்ப்சன் என்று உலகம் அறிந்தது 1978-இல். அந்தப் படத்தால் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றும், அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார்.

சிலர் இதற்கு ஒரு வழி சொல்வார்கள்: 'தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் எடுத்துவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாதே!' நம் லென்ஸ் 4 மீட்டரில் காட்டும் அதே அளவு உருவத்தை 200 மில்லி மீட்டர் லென்ஸ் சுமார் 23 மீட்டரிலிருந்து காட்டும். உண்மைதான். ஆனால் மற்றொன்றையும் கவனியுங்கள். அவருக்கு 4 மீட்டர் பின்னால் அதே உயரமுள்ள இன்னொருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டரிலிருந்து எடுத்தால் பின்னவர் முன்னவரின் பாதி உயரமே தெரிவார். 23 மீட்டரிலிருந்து எடுத்தாலோ நூற்றுக்கு 85 பங்கு உயரம் தெரிவார். இடைவெளி நசுங்கிவிட்டது! சந்தையின் நெரிசல் இல்லாத அளவுக்குக் கூடிவிடுகிறது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. நாம் நின்ற இடம்தான் அப்படிக் காட்டுகிறது. பார்வைக் கோணத்தின் கணக்கு இது: தொலைவில் ஒளிந்து நிற்பவனின் தொலைவும் படத்தில் விழுந்துவிடுகிறது.

அருகில் செல்பவர் அப்படி ஒளிய முடியாது. 4 மீட்டர் என்பது பேச்சுக் குரல் எட்டும் தூரம். படம் எடுத்த பிறகு புன்னகைக்கலாம்; தலையசைக்கலாம்; எடுத்ததைக் காட்டலாம். வேண்டாம் என்று அவர் கையசைத்தால் அழித்துவிடலாம். கண்ணாடித் தகட்டுக் காலத்தில் இல்லாத இந்த வசதி இன்று கைபேசியில் இருக்கிறது. அதே கைபேசி ஒரு படத்தை ஒரு நிமிடத்தில் ஊரெல்லாம் அனுப்பவும் வல்லது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்திருப்பதும் நினைவில் இருக்கட்டும். குழந்தைகள், நோயாளிகள், குளிப்பவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரைக் கேட்காமல் எடுப்பதில்லை என்று நமக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் நண்பனை 4 மீட்டரில் நிறுத்தி, அவனுக்கு 4 மீட்டர் பின்னால் இன்னொருவனை நிறுத்துங்கள். முதலில் அங்கிருந்து படம் எடுங்கள். பிறகு நண்பனிடமிருந்து 20 மீட்டர் தள்ளிப் போய், படத்தைப் பெரிதாக்கி எடுங்கள். இரண்டிலும் அவர்களின் உயரங்களை அளவுகோலால் அளந்து வகுத்துப் பாருங்கள். விடை கணக்கோடு ஒத்துவரும். பிறகு இரண்டு படங்களையும் நண்பர்களிடமே கொடுத்து, எது தங்களைப்போல இருக்கிறது என்று கேளுங்கள். அந்த விடையைச் சொல்ல வேண்டியவர்கள் படத்தில் இருப்பவர்களே.