மைசூர்ப் புழுவும் ஜப்பான் புழுவும்

வெம்பாக்கம் வட்டாரத்தில் தறி உள்ள வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பட்டுப்புழுவைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆரணிப் பட்டு என்றால் நம் பேச்சில் வருவது பாவு, ஊடை, ஜரிகை, கூலி. நூல் சிட்டமாக வருகிறது, சாயம் ஏறி வருகிறது. அதற்கு முன்னால் அது ஓர் உயிரின் வாயிலிருந்து வந்தது என்பதை யாரும் நினைப்பதில்லை. நம் வயல்களில் பெரும்பாலும் நெல்லும் வேர்க்கடலையும்தான். மல்பெரித் தோட்டம் பார்க்க தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போக வேண்டும். ஆனால் நம் தறிக்கு வரும் உள்நாட்டு இழையின் குணம் கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. அதற்குப் பெரிய காரணம் புழுவே மாறியதுதான். அதன் ரத்தத்தில் ஜப்பானிய வம்சம் கலந்துவிட்டது.

அன்று இருந்தது மைசூர்ப் புழு. திப்பு சுல்தான் காலத்தில் மைசூரில் வேரூன்றிய பட்டு வளர்ப்பில் நம் வெயிலுக்கும் தூசிக்கும் பழகிப்போன இனம் அது. உருவம் சிறியது, கூடு பசுமஞ்சள் நிறம். வருஷம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொரித்துக்கொண்டே இருக்கும். வீட்டின் ஒரு மூலையில் மூங்கில் தட்டில் வைத்து, இலையைக் கிள்ளிப் போட்டாலே வளர்ந்துவிடும். நோயையும் ஓரளவு தாங்கும். குறை நூலில்தான் இருந்தது. ஒரு கூட்டிலிருந்து 300, 400 மீட்டர் இழை வந்தால் அதிகம். ஒரு கிலோ நூல் எடுக்க 10 கிலோவுக்கு மேல் கூடு வேண்டும். சர்க்காவில் சுற்றிய அந்த நூல் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும்.

ஊடைக்கு அது போதும். பாவில்தான் பிரச்சினை. ஊடை நாடாவோடு ஒரு முறை ஓடிவிட்டு அப்படியே படுத்துவிடும். பாவு இழையோ அச்சுப் பல்லில் உரசி, ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழும் இழுபட்டு, ஒரு புடவை முடியும்வரை விறைப்பாகவே நிற்க வேண்டும். நூல் மட்டமாக இருந்தால் இழை அறும். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, பல்லில் கோத்துவிட்டுத்தான் அடுத்த ஊடை. அறுந்த இழைக்குத் தனிக் கூலி எந்தக் காலத்திலும் கிடையாது. நெசவாளியின் நேரமும் கண்ணும் போனது இதில்தான். பாவுக்குச் சீனப் பட்டு வேண்டும் என்று நாடு முழுக்கத் தேடியதும் இதனால்தான். மலிவாக வந்து குவிந்த அந்த நூலால் நம் கூடு விவசாயிகள் நொடித்தார்கள். 2003இல் அதன் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட வேண்டியதாயிற்று.

ஜப்பானிய இனத்தைக் கொண்டுவரும் முயற்சி புதிதல்ல. 1890களிலேயே ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய வல்லுநர்களை வரவழைத்துப் பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை அமைத்தார். அந்தப் பகுதிக்கு இன்றும் டாட்டா சில்க் ஃபார்ம் என்றே பெயர். ஆனால் குளிர்நாட்டுப் புழுவை உழவர் வீட்டில் நிலைநிறுத்துவது எளிதாக இல்லை. அது ஆண்டுக்கு இரண்டே தலைமுறை காணும் இனம். தாய்ப்பூச்சி தான் முட்டைக்குள் கருவாக இருந்த நாட்களில் பட்ட சூட்டையும் வெளிச்சத்தையும் பொறுத்தே, அது இடும் முட்டை உடனே பொரிக்குமா, குளிர்காலம் கழியும்வரை உறங்குமா என்பது முடிவாகிறது. இவ்வளவு சின்ன உயிருக்குள் இப்படியொரு கணக்கு இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உறங்கும் முட்டையைக் குளிர்சேமிப்பில் வைத்தோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்தோதான் எழுப்ப வேண்டும். புழு வளரும் அறையின் சூடு இருபத்தைந்து டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில் இதற்கு எங்கே போவது?

வழி திறந்தது 1991இல். ஜப்பானிய அரசின் ஜைக்கா அமைப்பும் மத்திய பட்டு வாரியமும் சேர்ந்து மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய திட்டம், பல கட்டங்களாக 2007 வரை நடந்தது. ஜப்பானியக் கலப்பினங்களிலிருந்து நம் சூட்டுக்கேற்ற வம்சங்களைப் பிரித்தெடுத்தார்கள். சிஎஸ்ஆர் 2, சிஎஸ்ஆர் 4 என்று அவற்றுக்குப் பெயர். முதலாவது நீள்உருண்டையாகக் கூடு கட்டும். இரண்டாவதன் கூடு வேர்க்கடலை போல நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுங்கல்தான் ஜப்பானிய இனத்தின் அடையாளம். நீள்உருண்டை சீன இனத்துக்குரியது. இரண்டையும் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை பெற்றோரைவிட வலுவாக இருக்கும். பட்டுப்புழுவிலும் மெண்டலின் மரபு விதி செல்லும் என்று 1906இல் காட்டிய ஜப்பானிய அறிஞர் தோயாமா காமேதாரோ, இந்தக் கலப்பு முறையைத்தான் தம் நாட்டு உழவர்களுக்குப் பரிந்துரைத்தார்.

புழுவோடு வளர்ப்பு முறையும் மாறியது. வீட்டு மூலை போய்த் தனிக் கொட்டகை வந்தது. இலை கிள்ளுவதை விட்டுத் தண்டோடு வெட்டிப் பரப்புகிறார்கள். பொரித்த புழுவை முதல் இரண்டு பருவம் இளம்புழு வளர்ப்பு மையம் பார்த்துக்கொள்கிறது, உழவர் அதன் பிறகு வாங்கி வளர்க்கிறார். இப்படி விளையும் கூட்டைத்தான் வெண்பட்டு என்கிறோம். ஒரு கூட்டில் 1,000 மீட்டர் இழை வருகிறது. ஆறு, ஆறரை கிலோ கூட்டில் ஒரு கிலோ நூல் கிடைக்கிறது. தானியங்கி நூற்பு இயந்திரத்தில் சுற்றினால் பாவுக்கே போடலாம். தமிழ்நாட்டில் இன்று விளையும் கூட்டில் பெரும்பகுதி வெண்பட்டுதான்.

நமக்குப் புழுவைத் தந்த நாட்டில் அதன் கதை தலைகீழாகிவிட்டது. 1872இல் தோமியோகாவில் அரசே நூற்பாலை கட்டியது. 1929 வாக்கில் சுமார் 22 லட்சம் குடும்பங்கள் புழு வளர்த்தன. அந்தப் பட்டில் பெரும்பங்கு அமெரிக்கப் பெண்களின் காலுறைக்குப் போனது. நைலான் வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது, அதற்குப் பிறகு மலிவான வெளிநாட்டு நூல் மிச்சத்தையும் தின்றது. தோமியோகா ஆலை 1987இல் நின்றது. 2014இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. புழு வளர்க்கும் குடும்பங்கள் இப்போது 200கூட இல்லை.

வீட்டுப்புழுவின் காட்டு உறவு மட்டும் அங்கே மனிதரை நம்பாமல் வாழ்கிறது. குவாகோ என்ற அந்தப் பழுப்புப் பூச்சி மல்பெரி இலையைத் தின்று வளர்ந்து, தானே பறந்து இணை தேடும். வீட்டுப் பூச்சிக்குச் சிறகு உண்டு, பறக்க வராது. வாய் இருந்தும் உண்ண முடியாது. குவாகோவுக்கு 27 ஜோடி குரோமோசோம், வளர்ப்புப் புழுவுக்கு 28. சீனத்துக் காட்டுப் பூச்சிக்கும் 28 என்பதால், வளர்ப்புப் புழு பிறந்த இடம் சீனம் என்று அறிகிறோம்.

ஜப்பானிடமிருந்து நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கோயிஷிமாரு அங்கே பழைய நாட்டு இனம். கூடு சிறியது, நூல் மிக மெல்லியது, நீளம் இன்றைய கலப்பினத்தில் பாதிகூட வராது. 1871 முதல் பேரரசியர் புழு வளர்த்துவரும் அரண்மனையிலேயே, லாபமில்லை என்று இதைக் கைவிடும் பேச்சு எழுந்தது. அப்போதைய பேரரசி மிச்சிகோ அதை விட வேண்டாம் என்றார். பின்னர் 1990களில், நாராவில் உள்ள ஷோசோயின் கருவூலத்தின் பழந்துணிகளை அன்றிருந்தபடியே மீண்டும் நெய்யத் தொடங்கியபோது, அந்த மெல்லிய இழையைத் தர கோயிஷிமாருதான் இருந்தது.

மைசூர்ப் புழுவுக்கும் இப்படிக் கவலைப்பட ஆள் வேண்டும். அதைத் தூயதாக வளர்ப்பது இன்று கர்நாடகத்தில் குனிகல், மாகடி பக்கத்தில் முட்டைக்கான விதைக்கூடு வளர்க்கும் உழவர்கள்தான். மைசூர்த் தாயையும் ஜப்பானிய வம்சத் தந்தையையும் சேர்த்தால் கிடைக்கும் மஞ்சள் கலப்பினக் கூடு இன்னும் சந்தைக்கு வருகிறது, ஊடைக்கும் போகிறது. வெயில் இன்னும் ஏறும் ஆண்டுகளில் சூட்டைத் தாங்கும் புழுவை உருவாக்க அந்தத் தாயின் குணம் தேவைப்படும். விதைக்கூட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் வரைதான் அந்த உழவர்கள் அதை விடாமல் வளர்ப்பார்கள்.