எஃப்1 விசையை அழுத்தும் முன்

கணினியைத் திறந்தவுடன் கறுப்புத் திரையில் “சி.பி.யு. ஃபேன் எரர்” என்றொரு வரி, தொடர வேண்டுமானால் எஃப்1 விசையை அழுத்துக என்று அதன் கீழே இன்னொரு வரி. விடுதியில் நான் பயன்படுத்திய பழைய மேசைக் கணினி இப்படிக் காட்டத் தொடங்கியபோது, மூன்று வாரங்கள் எஃப்1 விசையை அழுத்தியே காலத்தை ஓட்டினேன். இறுதியாண்டு ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஓர் இரவு கணினி தானாகவே அணைந்தது. சேமிக்காத பதினொரு பக்கங்கள் போயின.

மறுநாள் பொறியியல் பயிலும் மூத்த மாணவர் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். செயலியின் மேலிருந்த காற்றாடி தூசியடைத்து நின்றிருந்தது. “தம்பி, மூனு வாரமா இதைத்தானே அது உன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்துச்சு?” என்றார். அன்று அவரிடம் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

காற்றாடியின் வேகம் கணினிக்கு எப்படித் தெரிகிறது? காற்றாடியின் மூன்று கம்பிகளில் இரண்டு மின்சாரத்திற்கு. மூன்றாவது செய்தி சொல்வதற்கு. பொதுவாக, ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மின்துடிப்புகள் அக்கம்பி வழியே தாய்ப்பலகைக்குச் செல்கின்றன. ஒரு விநாடியில் 40 துடிப்புகள் வந்தால் 20 சுற்றுகள்; அதாவது நிமிடத்திற்கு 1,200 சுற்றுகள். ஆர்.பி.எம். என்று நாம் காணும் எண் இதுதான். நான்காவது கம்பி இருந்தால், அது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தாய்ப்பலகை அனுப்பும் கட்டளைக்கு உரியது.

எனவே, திரையில் சுழியம் தெரிந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். காற்றாடி உண்மையிலேயே நின்றிருக்கலாம். அல்லது, நன்றாகச் சுழன்றும் செருகியை வேறு இடத்தில் மாட்டியிருக்கலாம். மூன்றாவது கம்பி அறுந்திருக்கலாம். சூடு குறைவாக இருக்கும்போது வேண்டுமென்றே காற்றாடியை நிறுத்திவைக்கும் வரைகலை அட்டைகளும் உண்டு.

எண் மிக உயர்ந்திருந்தால் அது நலத்தின் அடையாளம் அன்று. தூசி அடைத்து வெப்பம் வெளியேறாதபோது, தாய்ப்பலகை காற்றாடியை மேலும் விரட்டுகிறது. ஆகவே, வேகத்தை வெப்பநிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். இன்றைய செயலிகள் பல, ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். காரணமின்றிக் கணினி மந்தமானால் இதையும் ஐயுறுங்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. புதிய காற்றாடி மாட்டிய பின்பும் அதே எச்சரிக்கை வந்தது! வாங்கியது 120 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய காற்றாடி. பெரியது மெதுவாகச் சுழன்றாலே போதிய காற்றைத் தள்ளிவிடும். அது 500 சுற்றில் ஓடியது. பயாஸ் அமைப்பிலோ 600-க்குக் கீழ் போனால் எச்சரி என்றிருந்தது. வெப்பநிலை சீராக இருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அந்த வரம்பை 300-க்கு இறக்கினேன். எச்சரிக்கை நின்றது. பலர் செய்வதுபோல் கண்காணிப்பையே முடக்கியிருந்தால், அடுத்த முறை காற்றாடி நிற்கும்போது எனக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

ஆக, முதல் எச்சரிக்கை மெய்; இரண்டாவது பொய். திரையில் இரண்டும் ஒரே வாசகம்தான். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்தபோதுதான் வேறுபாடு விளங்கியது.

தம்பி தங்கைகளே, ஆண்டு முழுவதும் வெக்கையும் தூசியும் உள்ள நம் நாட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது கணினியைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். காற்றடித்துத் தூசியை நீக்கும்போது இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுழன்றால் காற்றாடி பழுதாகலாம். எஃப்1 விசையை அழுத்த ஒரு விநாடி போதும். அந்தப் பதினொரு பக்கங்களை மீண்டும் எழுத எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன.