எறும்பு ஏறாத பாத்திரம்: வேடந்தாங்கல் எப்படி இயங்குகிறது?

அதிரசம் சுட்டு வைத்த பாத்திரத்தை எங்கள் வீட்டில் வெறுந்தரையில் வைக்க மாட்டார்கள். அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் பாத்திரத்தை நிறுத்துவார்கள். எறும்பு தாம்பாளத்தின் விளிம்புவரை ஏறும், மீசையை ஆட்டிப் பார்க்கும், வந்த வழியே திரும்பிவிடும். தண்ணீர் வற்றிய அன்று அதிரசம் எறும்புக்குத்தான்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி இப்படியொரு தாம்பாளம். பரப்பு சுமார் 30 ஹெக்டேர். உள்ளே நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் அந்த மரங்களில் கூடு கட்டுகின்றன. பூனையும் நரியும் கரையோடு நின்றுவிடும் என்ற தைரியம்தான் காரணம். ஏரி வறண்ட ஆண்டுகளில் பறவைகள் வேறு இடம் தேடிப் போகின்றன.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2002இல் திருத்தியவர்களுக்கு இந்தத் தாம்பாளக் கணக்கு தெரிந்திருக்கிறது. சரணாலயத்துக்குள் வரும் தண்ணீரையோ வெளியேறும் தண்ணீரையோ அனுமதியில்லாமல் திருப்பக் கூடாது, நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது என்கிறது பிரிவு 29. அனுமதியும் அங்கே வாழும் உயிரினங்களின் நன்மைக்காக இருந்தால்தான் கிடைக்கும். ‘கூட்டவும் கூடாது’ என்பதைக் கவனியுங்கள். தாம்பாளத்தில் தண்ணீர் தளும்பினாலும் அதிரசம் நனைந்துவிடுமே!

சரி, ஓர் இடம் சரணாலயம் ஆவது எப்படி? கல்யாண வீட்டில் விருந்து முடிந்த மறுநாளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவெல்லாம் இரவல் வாங்கிய அண்டாவும் குண்டானும் முற்றத்தில் குவிந்து கிடக்கும். பெரியம்மா ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் வெட்டியிருக்கும் பெயரை வாசித்து, உரியவரிடம் சேர்ப்பார். சட்டத்தில் அந்த வேலை கலெக்டருடையது. இந்த இடத்தைச் சரணாலயமாக்கப் போகிறோம் என்று மாநில அரசு முதலில் அறிவிக்கிறது. பிறகு அங்கே யாருக்கு நிலம், யாருக்கு மேய்ச்சல், யாருக்குப் பாதை என்று கலெக்டர் விசாரிக்கிறார். உரிமை கோர மக்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. விசாரித்த பின் நிலத்தைக் கையகப்படுத்தலாம், அல்லது உரிமையைத் தொடர விடலாம். தேசியப் பூங்காவில் இந்த இரண்டாவது வழி கிடையாது, மேய்ச்சலும் கிடையாது. சரணாலயத்துக்குள் ஊரும் வயலும் இருக்க முடிவது இதனால்தான்.

சரணாலயம் ஆன பிறகு, அந்தச் சமையற்கட்டின் பொறுப்பு மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம். ஆராய்ச்சிக்கோ, படம் எடுக்கவோ, சுற்றிப் பார்க்கவோ உள்ளே போக அவர்தான் அனுமதி தர வேண்டும். ஆனால் அவரும் நினைத்ததைச் சமைத்துவிட முடியாது. மேலாண்மைத் திட்டம் என்ற பட்டியலை ஒட்டித்தான் நடக்க வேண்டும் என்று 2022இல் வந்த திருத்தம் சொல்கிறது. வணிகத்துக்காகத் தங்கும் விடுதி கட்டுவதென்றால் தேசிய வன உயிரின வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த வாரியத்துக்குத் தலைவர் பிரதமர். சரணாலயத்தின் எல்லையை மாற்றவும் அதே வாரியத்தின் பரிந்துரை தேவை. உக்கிராண அறைச் சாவி ஒரே ஆளின் இடுப்பில் தொங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு போலத்தான் இதுவும்.

எல்லை என்றதும் எல்லாரும் ஏரிக்கரையை நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு. கூட்டில் இருக்கும் குஞ்சுக்குச் சாப்பாடு ஏரியில் இல்லை, வெளியே இருக்கிறது. நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டிபோல ஒரு சந்து தெரியும். சேற்று வயலில் இறங்கி, அலகாலேயே துழாவி, நத்தையைப் பிடித்து, ஓட்டை விட்டுச் சதையை மட்டும் உருவி எடுக்கும். பிறகு ஏரிக்குப் பறந்து வந்து குஞ்சுகளின் முன் கக்கிப் போடும். அதிரசத்தைத் தாம்பாளத்தில் காப்பாற்றிவிட்டு, அரிசிப் பானையைத் தெருவில் வைத்தால் வீடு நடக்குமா? 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதை நான் மிகப் பெரிய விவேகமாக நினைப்பது இதனால்தான். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தபோது, பறவைகளை நேசிப்பவர்கள் பதறியதற்கும் இதுவே காரணம்.

உயிரினங்களுக்குத் தீங்கான ரசாயனங்களைச் சரணாலயத்துக்குள் பயன்படுத்தக் கூடாது என்று பிரிவு 32 இருக்கிறது. சுற்றியுள்ள வயல்களில் பூச்சிமருந்து இல்லாமல் விளைவிக்க அரசு கைகொடுக்காதவரை அந்த வரி பாதி உயிரோடுதான் இருக்கும் என்பது என் எண்ணம். விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பறவைகளைச் சட்டத்துக்கு வெகு முன்பே காத்தவர் அவர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரணாலயத்துக்குள் குடியிருப்பவர்களுக்குச் சட்டம் சில கடமைகளையும் வைத்திருக்கிறது. தீப்பிடித்தால் அணைக்க உதவ வேண்டும். குற்றம் நடந்தால் தடுக்க வேண்டும். ஒரு காட்டுயிர் இறந்து கிடந்தால் தகவல் சொல்லிவிட்டு, அதிகாரிகள் வந்து பொறுப்பேற்கும்வரை அந்த உடலுக்குக் காவல் இருக்க வேண்டும்.