கால் மைல் ஓடுதளத்தில் மடங்கு கூரைக் கார்

நின்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் இரண்டு வாகனங்களுள் எது குறிப்பிட்ட தொலைவை நேர்கோட்டில் முதலில் கடக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் போட்டியே டிராக் பந்தயம் ஆகும். அதன் மரபான தொலைவு கால் மைல், அதாவது 1,320 அடி அல்லது ஏறத்தாழ 402 மீட்டர். இடவசதி குறைந்த தளங்களில் அதில் பாதியோடு ஓட்டம் நிறைவடையும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளிலும் விமான ஓடுதளங்களிலும் இப்போட்டி வளர்ந்தது. சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமானத்தளம் நெடுங்காலம் பந்தயக் களமாக விளங்கியதை அறிந்தவர்களுக்கு இந்தத் தோற்றம் புதுமையாகத் தோன்றாது. வேக வேட்கை கொண்ட இளைஞர்களைப் பொதுச்சாலையிலிருந்து அகற்றி, ஒழுங்குபடுத்தப்பட்ட களத்துக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு வாலி பார்க்ஸ் 1951இல் என்.எச்.ஆர்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அந்த நோக்கம் இன்றும் உயிர்ப்புடன் இருப்பதால்தான், அமெரிக்காவின் பல ஓடுதளங்களில், குறிப்பிட்ட மாலைகளில், அலுவலகத்துக்குச் சென்றுவரும் அதே காரை எவரும் கட்டணம் செலுத்தி ஓட்டிப் பார்க்க முடிகிறது.

அவ்வாறு வரும் கார்களுள், துணிக்கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கன்வெர்ட்டிபிள் வகை தனியாகக் கவனிக்கத்தக்கது. உறுதியான கூரை என்பது வெயிலையும் மழையையும் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று. காரின் உடல் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கூரையை நீக்கும்போது இழக்கப்படும் அந்த விறைப்பை ஈடுசெய்ய, தயாரிப்பாளர்கள் தரைச்சட்டத்தில் கூடுதல் எஃகைச் சேர்க்கின்றனர்; ஆகவே கன்வெர்ட்டிபிள், அதே மாதிரியின் மூடிய வடிவத்தைவிடப் பெரும்பாலும் எடை கூடியதாக இருக்கும். இதனால் பந்தயத்தில் அது பெரிதும் பின்தங்கிவிடும் என்று புதியவர்கள் அஞ்சுவதுண்டு, ஆனால் கணக்கு வேறு விதமாக அமைகிறது. கால் மைலைக் கடக்கும் நேரம், எடையை எஞ்சின் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஏறத்தாழப் பின்பற்றுகிறது. 1,600 கிலோ எடையுள்ள காரில் 60 கிலோ கூடினால் எடை 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக உயர, நேரமோ ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக மட்டுமே உயரும். 14 வினாடியில் ஓடும் காருக்கு இது 0.2 வினாடிக்கும் குறைவு. தவறான புறப்பாட்டினால் புதியவர் இழக்கும் நேரம் இதைவிடப் பன்மடங்காக இருக்கலாம்.

எனவே கூரையைப் பற்றிய உண்மையான கேள்வி வேகத்தைச் சார்ந்ததன்று, பாதுகாப்பைச் சார்ந்தது. கார் உருண்டுவிட்டால், மூடிய காரின் கூரையும் தூண்களும் தலைக்கு மேல் ஓரளவு இடத்தைக் காத்து நிற்கும், துணிக்கூரையால் அது இயலாது. என்.எச்.ஆர்.ஏ. விதிகள் இந்த வேறுபாட்டை நேரடியாகவே ஏற்றுக்கொள்கின்றன. 13.99 வினாடியிலோ அதைவிட விரைவாகவோ கால் மைலைக் கடக்கும் எந்தக் காரின் ஓட்டுநரும் தலைக்கவசம் அணிய வேண்டும். இருக்கைக்குப் பின்னால் வளைத்துப் பொருத்தப்படும் உருளல் தடுப்புக் கம்பி மூடிய காருக்கு 11.49 வினாடியிலிருந்துதான் கட்டாயமாகிறது, கன்வெர்ட்டிபிளுக்கோ 13.49 வினாடியிலேயே கட்டாயமாகிவிடுகிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதாலும், அண்மைக்கால மாதிரிகளுக்குத் தனிச் சலுகைகள் உள்ளதாலும், நடப்பு விதிநூலையும் அந்தந்தத் தளத்தின் நடைமுறையையும் முன்கூட்டியே கேட்டறிவது தவிர்க்க முடியாத கடமையாகும்.

இந்த எல்லை சாதாரண கார்களுக்கு எட்டாத தொலைவில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. 4.6 லிட்டர் வி8 எஞ்சினும் 300 குதிரைத்திறனும் கொண்டு 2005ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. கன்வெர்ட்டிபிள், தேர்ந்த ஓட்டுநரின் கையில் சுமார் 14 வினாடியில் கால் மைலைக் கடந்து, முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டர் அளவிலான வேகத்தை எட்டக்கூடியது. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி 7 விழுக்காடு கூடுகிறது. எஞ்சின் திறனும் அதே அளவில் கூடுவதாகக் கொண்டால், மேற்கண்ட கணக்கின்படி ஏறத்தாழ 0.3 வினாடி குறைந்துவிடும். ஆகவே கோடையில் விதிக்குள் அடங்கிய அதே கார், குளிர்ந்த மாலையில், பழகிய கையோடு, 13.49 வினாடியை நெருங்கிவிடக்கூடும். எல்லையைத் தாண்டிய காரை அத்துடன் நிறுத்திக்கொள்ளுமாறு தள அலுவலர்கள் சொல்வது கெடுபிடி அன்று, மிகச் சரியான செயலே. அதே வேளையில், தினமும் ஓட்டும் காரில் தடுப்புக் கம்பியைப் பொருத்துவதற்கு முன் நன்கு சிந்திக்க வேண்டும், ஏனெனில் தலைக்கவசம் இல்லாத அன்றாடப் பயணத்தில் ஏற்படும் விபத்தில், தலை மோதும் கடினப்பொருளாக அக்கம்பியே மாறக்கூடும்.

ஓடுதளத்துக்குள் நுழையும் கார் முதலில் தொழில்நுட்பச் சோதனைக்கு உட்படும். பேட்டரி அசையாமல் கட்டப்பட்டுள்ளதா, சக்கரத் திருகுகள் முழுமையாக இறுக்கப்பட்டுள்ளனவா, எண்ணெயோ குளிர்விப்பு நீரோ கசிகிறதா என்பவை பார்க்கப்படும். ஒரு காரிலிருந்து சிந்தும் சில துளிகளே அடுத்து வரும் ஓட்டுநரின் பிடிமானத்தைப் பறித்துவிடும் என்பதால் கசிவுக்கு அங்கே மன்னிப்பு இல்லை. முழுக்கால்சட்டையும் மூடிய காலணியும் அணிந்து வர வேண்டும். துணிக்கூரையை ஏற்றிப் பூட்டி, பக்கக் கண்ணாடிகளை முழுவதும் உயர்த்திவிட்டு ஓடுவதே பொதுவாக எதிர்பார்க்கப்படும் முறையாகும். திறந்த கூரை காற்றைக் கலக்கி வேகத்தையும் குறைக்கும்.

தொடக்கக் கோட்டுக்குச் சற்று முன்பு நீர் தெளிக்கப்பட்ட பகுதி ஒன்று உண்டு. பந்தய டயர்களை அங்கே நனைத்துச் சுழற்றிச் சூடாக்குவர், ஆனால் சாலை டயரோடு வரும் புதியவர் அந்த நீரைச் சுற்றிக்கொண்டு செல்வதே முறை, ஏனெனில் டயரின் வரிப்பள்ளங்களில் தங்கும் நீர் தொடக்கக் கோடு வரை சென்று வழுக்கலை உண்டாக்கும். குளிர்சாதனத்திலிருந்தும் நீர் சொட்டும் என்பதால் அதை முன்னதாகவே அணைத்துவிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

கோட்டருகே தரையை ஒட்டிப் பாயும் இரண்டு ஒளிக்கற்றைகளை முன்சக்கரம் அடுத்தடுத்து மறைக்கும்போது, கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் விளக்குக் கம்பத்தின் உச்சியில் உள்ள சிறு விளக்குகள் எரிந்து, கார் ஆயத்தம் என்று காட்டும். 1960களின் முற்பகுதியில் கொடியசைப்பவரின் இடத்தைப் பிடித்த இக்கம்பத்தில், புதியவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் முறைப்படி, மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, மேலும் அரை வினாடி கழித்துப் பச்சை எரியும். முந்திப் புறப்பட்டால் சிவப்பு எரியும். இங்கே புதியவருக்கு ஆறுதல் தரும் நுட்பம் ஒன்று உள்ளது: கடக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விளக்கோடு தொடங்குவதில்லை, சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது, தயங்கிய நேரம் எதிர்வினை நேரம் எனத் தனியாகப் பதிவாகும். எனவே பயிற்சி மாலையில் பச்சையைக் கண்டபின் நிதானமாகப் புறப்படுவதால் எந்த இழப்பும் இல்லை.

புறப்பாட்டின் சாரம் முதல் 60 அடியில் அடங்கியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று திறன் வீணாகும். மிக மெதுவாக மிதித்தாலோ எஞ்சின் தன் வலுவான சுழற்சிக்கு ஏறுமுன்பே நேரம் கழிந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை ஒவ்வொரு ஓட்டத்திலும் சிறிது சிறிதாகத் தேடிக் கண்டறிவதுதான் இக்கலையின் மிகச் சுவையான பகுதி. முதல் 60 அடியில் மிச்சமாகும் ஒவ்வொரு 0.1 வினாடியும் இறுதி நேரத்தில் சுமார் 0.15 முதல் 0.2 வினாடி வரை குறைக்கும் என்பது ஓட்டுநர்களின் நடைமுறைக் கணக்கு. கார் பக்கவாட்டில் இழுபடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், நடுக்கோட்டைக் கடக்கவே கூடாது. இறுதிக்கோட்டுக்குப் பின் படிப்படியாக வேகம் குறைத்து, திரும்பும் வழிக்கு அருகில் உள்ள பாதைக் காரை முதலில் விட்டு, மற்றவர் பின்தொடர வேண்டும்.

திரும்பும் வழியில் உள்ள சிறு கூடத்தில் ஓட்டுநருக்கு ஒரு சீட்டு வழங்கப்படும். அதில் எதிர்வினை நேரம், 60 அடி நேரம், 330 அடி நேரம், பாதித் தொலைவின் நேரமும் வேகமும், 1,000 அடி நேரம், முழுத்தொலைவின் நேரமும் வேகமும் அச்சாகியிருக்கும். இறுதி வேகம் பெரும்பாலும் எஞ்சினின் திறனையும் எடையையும் காட்டும். இறுதி நேரமோ புறப்பாட்டையும் சேர்த்துக் காட்டும். வேகம் மாறாமல் நேரம் மட்டும் குறைந்துவந்தால் முன்னேறியவர் ஓட்டுநர் என்று பொருள்.

சீட்டுகளில் நேரம் நிலைப்பட்டு, ஓட்டத்துக்கு ஓட்டம் 0.1 வினாடிக்குமேல் மாறாத நிலை வந்தபின், பிராக்கெட் பந்தயத்தில் பெயர் கொடுக்கலாம். அதில் ஒவ்வொருவரும் தம் காரின் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, அதைக் கண்ணாடியில் எழுதிக்கொள்வர். மெதுவான கார், இரு நேரங்களின் வேறுபாட்டுக்குச் சமமான அளவு முன்னதாகப் புறப்படும். அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடிவிட்டால் பெரும்பாலும் தோல்வியே. 16 வினாடி எடுக்கும் மாற்றமில்லாத சிறிய மஸ்டா மியாட்டா, 11 வினாடிக் காரை இம்முறையில் 5 வினாடி முன்னதாகப் புறப்பட்டு நேர்மையாக வெல்ல முடியும். கன்வெர்ட்டிபிளின் உரிமையாளர் கூரை விதியின் எல்லையை நெருங்காமலேயே ஆண்டு முழுவதும் போட்டியிட ஏற்ற களம் இதுவே.